மெழுகுவர்த்திச் சோதனை பிசகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இயற்பியல் மாற்றத்தையும் வேதியியல் மாற்றத்தையும் ஒரே பொருளில் காட்ட வேண்டும் என்றால் மெழுகுவர்த்தியைவிடப் பொருத்தமானது வேறொன்றும் இல்லை. ஆயினும் நெல்லைச் சீமையின் வகுப்பறைகளில் இந்தச் சோதனை அடிக்கடி பிசகுகிறது. சுடர் நிற்பதில்லை, சுண்ணாம்பு நீர் வெளுப்பதில்லை, டம்ளரில் ஈரம் தெரிவதில்லை, இவை எல்லாம் சரியாக நடந்தாலும், நீர் மட்டம் உயர்வதற்குத் தவறான காரணம் சொல்லப்படுகிறது. இந்தப் பிசகுகளை அறிகுறிவாரியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் காரணத்தையும் தீர்வையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். திட மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு திரியின் நூலிழைகளுக்கிடையே நுண்புழை ஏற்றத்தால் மேலேறுகிறது. திரியின் நுனியில் வெப்பத்தால் ஆவியாகிறது. அந்த ஆவி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. முதல் மூன்றும் இயற்பியல் மாற்றங்கள், நான்காவது வேதியியல் மாற்றம். நான்காவதில் பிறக்கும் வெப்பம்தான் முதல் மூன்றையும் நடத்துகிறது. முதல் மூன்றும் தரும் ஆவியால்தான் நான்காவது நடக்கிறது. ஆகவே சோதனை எங்கே பிசகினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதே.

அறிகுறி: மெழுகுத் துண்டைப் பற்றவைத்தால் உருகுகிறது, எரிவதில்லை

இதில் பிசகே இல்லை. மாணவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியதே இதுதான். பாரஃபின் மெழுகு அதன் வகைக்கேற்ப ஏறத்தாழ 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடுகிறது. தீக்குச்சியின் வெப்பம் முழுவதும் துண்டை உருக்குவதிலேயே செலவாகிறது. எரிவதற்குப் போதுமான ஆவி ஓரிடத்தில் சேர்வதில்லை. திரி இருந்தால், மிகச் சிறிதளவு மெழுகை மட்டும் மேலே கொண்டுவந்து, அந்தச் சிறிதளவை முழுவதுமாக ஆவியாக்கிவிட முடிகிறது. உருகிய துண்டை ஆறவிட்டால் மறுபடி அதே மெழுகாக உறைகிறது. இயற்பியல் மாற்றம் தனியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறார்கள்.

அறிகுறி: திரி பற்றிக்கொள்கிறது, அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறது

பற்றவைத்த கணத்தில் எரிவது திரியின் மேல் ஏற்கெனவே பூசியிருக்கும் மெழுகுதான். அது தீர்வதற்குள் கீழே குளம் கட்டி, திரவம் மேலேறிவிட வேண்டும். திரி மிகவும் குட்டையாக இருந்தால் சுடரும் சிறுத்து, உருக்கும் ஆற்றல் குறைந்து, எழும் ஆவி போதாமல் போகிறது. பழைய மெழுகுவர்த்தி என்றால் திரி உருகிய மெழுகிலேயே மூழ்கி அணையும். மூழ்கியிருந்தால் சூடாக இருக்கும்போதே கொஞ்சம் மெழுகைச் சாய்த்து ஊற்றிவிட்டு, திரியை ஊக்கால் நிமிர்த்திவிடலாம். குட்டையாக இருந்தால் சுற்றியுள்ள மெழுகைக் கத்தியால் செதுக்கி, திரி அரை சென்டிமீட்டராவது வெளியே நிற்கும்படி செய்ய வேண்டும். தண்ணீர் பட்டு நனைந்த திரி படபடவென்று வெடித்து அணையும். அந்த நுனியை வெட்டி எறிந்துவிடுவதே நல்லது.

அறிகுறி: சுடர் ஆடுகிறது, ஒரு பக்கமாக மெழுகு ஒழுகுகிறது

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் மேல்காற்று கயத்தாறு, பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வலுவானது. அந்த மாதங்களில் மேற்கு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. மற்ற மாதங்களில் குற்றவாளி பெரும்பாலும் தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி. சாய்ந்த சுடர் ஒரு பக்கச் சுவரை மட்டும் உருக்கி உடைத்துவிடுவதால் குளம் வழிந்து ஓடுகிறது. திரிக்குப் போக வேண்டிய மெழுகு தட்டில் சேர்கிறது. காற்று இன்னும் வலுத்தால், எழும் ஆவியைச் சுடரிலிருந்து பிரித்துக் கொண்டுபோய்விடுவதோடு சுடரைக் குளிரவும் வைப்பதால் எரிதலே நின்றுவிடுகிறது. ஊதி அணைக்கும்போது நடப்பதும் இதுவே.

தீர்வு எளிது. அரிக்கேன் விளக்கின் சிம்னியைச் சுடரைச் சுற்றி நிறுத்துங்கள். ஆனால் அதன் அடிப்பகுதி தட்டில் படிந்துவிடாமல் இரண்டு பென்சில்களின் மேல் நிற்க வேண்டும். அடியில் காற்று நுழைய வழியில்லாவிட்டால், காற்றுக்குத் தப்பிய சுடர் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். சிம்னி கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டியின் மூன்று பக்கங்களை மறைப்பாக வைத்து, விசிறியை நிறுத்திவிடலாம்.

அறிகுறி: மெழுகுவர்த்தியே வளைந்துபோயிருக்கிறது

கத்திரி வெயிலில் தகரக் கூரையடி அலமாரியில் கிடந்த மெல்லிய மெழுகுவர்த்திகள் உருகுநிலையை எட்டாமலேயே இளகி வளைந்துவிடும். கை பொறுக்கும் சூடுள்ள நீரில் சற்று நேரம் வைத்து மேசையில் உருட்டினால் நேராகிவிடும். பொருள் மாறவில்லை, வடிவம்தான் மாறியது என்று வகுப்பில் சொல்ல இது நல்ல வாய்ப்பு.

அறிகுறி: சுடரிலிருந்து கரும்புகை வருகிறது

மஞ்சள் ஒளி கரித்துகள்களிலிருந்து வருகிறது. மெழுகு ஆவி சுடரின் உட்பகுதியில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், வெப்பத்தால் சிதைகிறது. அப்போது பிரியும் நுண்ணிய கார்பன் துகள்கள் 1000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் ஒளிர்கின்றன. சுடர் நலமாக இருந்தால் அவை வெளிவிளிம்பை அடைந்து, அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து கார்பன் டைஆக்சைடாக மறைந்துவிடும். கரும்புகை வருகிறது என்றால், அந்தத் துகள்கள் எரிந்து முடிவதற்கு முன் தப்பிவிட்டன என்று பொருள். சங்கிலியின் நான்காவது கண்ணி அறுபடவில்லை, அரைகுறையாக நடக்கிறது.

பெரும்பாலும் காரணம் திரியின் நீளம். நீண்ட திரி அதிக ஆவியைத் தருகிறது, ஆனால் அதற்கேற்ற ஆக்சிஜன் சுடருக்குள் வந்து சேர்வதில்லை. திரியை 5 அல்லது 6 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். நல்ல மெழுகுவர்த்திகளில் திரியே தன்னைக் கத்தரித்துக்கொள்ளும்: பின்னப்பட்ட திரி எரிய எரிய ஒரு பக்கமாக வளைந்து, நுனி சுடரின் வெப்பமான வெளிப்பகுதிக்குள் நீண்டு, அங்கே சாம்பலாகி உதிர்ந்துவிடும். 1825ஆம் ஆண்டு பிரான்சில் காம்பசேரே பின்னிய திரியைக் கொண்டுவருவதற்கு முன் முறுக்குத் திரிதான் இருந்தது. அதைக் கத்தரிக்கோல் கொண்டு ஓயாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கோயில் வாசல்களிலும் தேவாலய வாசல்களிலும் விற்கும் மெல்லிய மெழுகுவர்த்திகள் சிலவற்றில் திரி வெறும் நூலாகவே இருப்பதால் வகுப்புக்குச் சற்றுத் தடித்ததை வாங்குவது நல்லது.

சுடரின் நடுவே வெள்ளைப் பீங்கான் தட்டைப் பிடித்தால் கரி படிவதைப் பிசகு என்று எண்ணிவிடக் கூடாது. எரிந்து முடியாத துகள்களைத் தட்டு குளிர்வித்து வழியிலேயே நிறுத்திவிடுகிறது. சுடருக்கு மேலே இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்தும் கரி படிந்தால்தான் சுடரில் குறை இருக்கிறது.

அறிகுறி: அணைத்தவுடன் எழும் வெண்புகை மறுபடி பற்றிக்கொள்ளவில்லை

இந்த வெண்புகையைக் கரும்புகையோடு சேர்த்து எண்ணுவது மாணவர்களிடம் மிகப் பரவலான பிழை. கரும்புகை எரிதலில் பிறந்த கார்பன். வெண்புகையோ எரியாமல் தப்பிய மெழுகு ஆவி. காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகவும் துகள்களாகவும் மாறியிருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்று வேதியியல் மாற்றத்தின் அடையாளம், மற்றொன்று இயற்பியல் மாற்றத்தின் அடையாளம். எரியும் தீக்குச்சியை அந்தப் புகைக்கோட்டுக்குள் பிடித்தால் தீ கீழே ஓடித் திரியைப் பற்றிக்கொள்கிறது. எரிவது ஆவியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைச் சிறிய வகுப்பறையில் காட்ட முடியாது.

இது நடக்காமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஊதி அணைத்ததால் புகைக்கோடு சிதறியிருக்கலாம். தாமதமானதால் திரி ஆறிப்போயிருக்கலாம். தீக்குச்சி மிக உயரத்தில் இருந்திருக்கலாம். மெழுகுவர்த்தியைக் குறைந்தது ஐந்து நிமிடம் எரியவிட்டுக் குளம் நன்றாகச் சேர்ந்தபின், ஊதாமல் கரண்டியின் பின்புறத்தால் ஒரு கணம் மூடி அணையுங்கள். அடுத்த கணமே, ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் குச்சியை, திரிக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் புகைக்குள் கொண்டுவாருங்கள். குச்சியைப் பற்றவைத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் சுடரை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடக் கூடாது.

அறிகுறி: டம்ளரில் ஈரம் படியவில்லை

எரிதலில் நீர் பிறக்கிறது என்பதை நம்பவைப்பது கடினம். நெருப்பிலிருந்து நீர் என்றால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். மெழுகில் கலந்திருக்கும் சேர்மங்களில் ஒன்றான சி25எச்52ஐ எடுத்துக்கொண்டால், ஒரு மூலக்கூறு 38 ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து 25 கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளையும் 26 நீர் மூலக்கூறுகளையும் தருகிறது. எடைக்கணக்கில் ஒரு கிராம் மெழுகு ஏறத்தாழ 1.3 கிராம் நீரைத் தருகிறது. மெழுகைவிட நீரின் எடை அதிகம்!

அவ்வளவு நீர் இருந்தும் தெரியாமல் போவது டம்ளர் சூடாகிவிடுவதால்தான். சில்வர் டம்ளரைச் சுடருக்கு மேலே நெடுநேரம் கவிழ்த்துப் பிடித்தால் முதல் சில நொடிகளில் படிந்த பனி வேகமாக ஆவியாகிவிடும். தடித்த கண்ணாடிக் குவளையை எடுத்து, சுடர் நுனிக்கு நான்கு விரற்கடை மேலே, நான்கைந்து நொடி மட்டும் பிடித்து எடுத்துப் பாருங்கள்: உட்பக்கம் மங்கலாகிப் பின் தெளியும். குவளைக்குள் பனிக்கட்டி போட்டு வெளிப்புறத்தைச் சுடருக்குக் காட்டும் வழக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஏமாற்றிவிடும். அப்போது குளிர்ந்த குவளையில் காற்றின் ஈரமே தானாக வியர்த்து நிற்கும். ஐயம் நீங்க, மயில்துத்தத்தை இரும்புக் கரண்டியில் மெல்லச் சூடாக்கி நீல நிறம் போய் வெண்பொடி ஆனதும் ஆறவைத்து, படிந்த ஈரத்தின்மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். நீலம் திரும்பினால் அது நீர். மயில்துத்தம் நஞ்சு என்பதால் அதைக் கையாள்வது ஆசிரியராக மட்டும் இருக்கட்டும்.

அறிகுறி: சுண்ணாம்பு நீர் பால் போல மாறவில்லை, அல்லது சோதனைக்கு முன்பே மாறிவிட்டது

தெளிந்த சுண்ணாம்பு நீர் கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்தால் பால் போல வெளுக்கும்; எரிதலில் அந்த வாயு பிறப்பதை இப்படித்தான் காட்டுகிறோம். மேலே சொன்ன இரண்டு பிசகுகளுக்கும் வேர் ஒன்றே. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைத் தானே உறிஞ்சி, மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளையடித்து மிஞ்சி, காகிதப் பொட்டலத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த தூள் பெரும்பாலும் சுண்ணாம்பாகவே இருக்காது. அதைக் கரைத்து வடித்தால் கிடைப்பது வெறும் தண்ணீர். எதை ஊதினாலும் வெளுக்காது. தாழையூத்துப் பக்கம் பூமியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லும் இதே கால்சியம் கார்பனேட்தான். காளவாயில் சுடும்போது கல்லிலிருந்து கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது, சுட்ட சுண்ணாம்பை நீற்றி வைத்தால் அது மறுபடி வந்து சேர்ந்துகொள்கிறது. மீளக்கூடிய மாற்றம் எல்லாம் இயற்பியல் மாற்றம், மீளாதது எல்லாம் வேதியியல் மாற்றம் என்று மனப்பாடம் செய்த மாணவர்களுக்கு இந்த வட்டத்தைச் சொல்லுங்கள். இதில் இரண்டு திசையிலும் நடப்பது வேதியியல் மாற்றமே.

நல்ல சுண்ணாம்பு நீருக்கு ஈரம் காயாத வெள்ளை வெற்றிலைச் சுண்ணாம்போ புதிதாக நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்போ ஒரு கரண்டி போதும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், மிச்சம் அடியில் தங்கும். நீரைச் சூடாக்கினால் இன்னும் அதிகம் கரையும் என்று எண்ண வேண்டாம். சுண்ணாம்பு வெந்நீரில் குறைவாகவே கரைகிறது. நன்றாகக் குலுக்கி, இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிதாளில் வடித்து, வாய்வரை நிரம்பும் சிறு புட்டிகளில் இறுக மூடி வையுங்கள். மேலே மெல்லிய ஏடு படிந்திருந்தால் மறுபடி வடிகட்டினால் போதும்.

அடுத்தது நீர். பாத்திரத்தின் அடியில் வெண்படிவு கட்டும் ஊர்களில் கிணற்று நீரிலேயே பைகார்பனேட் இருக்கிறது. அந்த நீரால் கழுவிய குடுவையில் நாலு சொட்டு தங்கியிருந்தாலும், சுண்ணாம்பு நீர் பட்டவுடன் கலங்கிவிடும். மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமலேயே சோதனை வெற்றி பெற்றதாகத் தோன்றும். கடைசியாக ஒருமுறை மழைநீராலோ வாலைவடிநீராலோ குடுவையைக் கழுவுவது இதைத் தவிர்க்கும்.

கார்பன் டைஆக்சைடைப் பிடிப்பதில் நடக்கும் பிசகு இன்னொன்று. எரிந்த வாயு சூடாக இருப்பதால் மேலே போகிறது. சுடருக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு நீர்க் கிண்ணத்தை வைத்துக் காத்திருந்தால் பயன் இல்லை. வாயகன்ற குடுவைக்குள் மெழுகுவர்த்தியை இறக்கி, மூடி, சுடர் தானாக அணைந்ததும் வெளியே எடுத்து, உடனே கால் டம்ளர் சுண்ணாம்பு நீரை ஊற்றி மூடிக் குலுக்குங்கள். உள்ளே இருக்கும் கார்பன் டைஆக்சைடு ஏறத்தாழ 3 விழுக்காடு; நம் மூச்சுக்காற்றில் இருப்பதற்கு நெருக்கமான அளவு. வெறுங்காற்று நிரம்பிய இன்னொரு குடுவையில் இதே அளவு ஊற்றிக் குலுக்கினால் வெளுக்கக் கூடாது, அதில் 0.04 விழுக்காடுதான் இருக்கிறது. உறிஞ்சுகுழாயால் மூச்சை ஊதினால் வெளுக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் சுண்ணாம்பு நீரின் மேல் பழி போட முடியாது. வெளுத்த நீர் மேலும் ஊத ஊத மறுபடி தெளிந்தால் கலங்க வேண்டாம். மிகுந்த கார்பன் டைஆக்சைடு கார்பனேட்டைக் கரையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது.

அறிகுறி: குவளைக்குள் நீர் ஏறுகிறது, ஆனால் விளக்கம் பொருந்தவில்லை

தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, குவளையைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்துபோனது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதனால்தான் நீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது என்று சொல்லிவிடுகிறோம். அந்த விளக்கம் தவறு. அதைக் கைவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கூர்ந்து பார்த்தால் மூன்று சான்றுகள் கிடைக்கும். குவளையைக் கவிழ்க்கும்போதே விளிம்பில் குமிழிகள் வெளியேறுகின்றன. சுடர் எரிந்துகொண்டிருக்கும் வரை நீர் அதிகம் ஏறுவதில்லை, அணைந்தபின்தான் விறுவிறுவென்று ஏறுகிறது. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறுகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு மூன்று மடங்கு ஆகிவிடவில்லையே! சூடான காற்று விரிந்து வெளியேறி, மீந்தது குளிர்ந்து சுருங்கியதால்தான் நீர் ஏறியது. உள்ளிருக்கும் காற்று சராசரியாக 70 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் பருமன் ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். நீராவி குளிர்ந்து நீராவதும் சிறிது சேர்ந்துகொள்கிறது.

ஆக்சிஜனின் கணக்கு இதைவிட மிகச் சிறியது. மெழுகுச்சுடர் 21 விழுக்காடு ஆக்சிஜனையும் தீர்ப்பதில்லை. ஏறத்தாழ 16 விழுக்காடு மிஞ்சியிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. செலவான 5 விழுக்காட்டுக்கு ஈடாக 3 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு பிறந்துவிடுகிறது, அது நீரில் மெதுவாகத்தான் கரையும். ஆக, வேதியியல் மாற்றத்தால் குறையும் பருமன் 2 விழுக்காட்டுக்கும் கீழே. நீர் ஏறுவதில் பெரும்பகுதி இயற்பியல் மாற்றத்தின் வேலை. எரிதலின் சான்றாக நாம் காட்டிவந்த நிகழ்ச்சி உண்மையில் குளிர்தலின் சான்று.

ஐந்தில் ஒரு பங்கைத்தான் காட்ட வேண்டும் என்றால், துருப்பிடிக்கும் இரும்பு நாரை வினிகரில் அலசி, உயரமான சோதனைக்குழாயின் அடியில் திணித்து, குழாயை நீர்க் கிண்ணத்தில் கவிழ்த்துச் சில நாள் விட்டுவிடுங்கள். இரும்பு துருப்பிடித்து ஆக்சிஜனை மெல்ல எடுத்துக்கொள்ள, ஈடாக எந்த வாயுவும் பிறக்காததால், நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏறி நிற்கும். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான சில்வர் நார் துருப்பிடிக்காது. அதை வாங்கக் கூடாது.

நீரே ஏறவில்லை என்றால், குவளையின் விளிம்பு தட்டில் ஒட்டிக்கொண்டு நீர் நுழைய இடமில்லாமல் இருக்கலாம். விளிம்பின் கீழே இரண்டு நாணயங்களை வையுங்கள்.

அறிகுறி: "மெழுகு உருகித்தான போச்சு, சார்" என்கிறார்கள், தராசிலும் வேறுபாடு தெரியவில்லை

இந்த ஒரு வாக்கியம் மாணவர் வாயிலிருந்து வந்தால், இதற்கு முன் செய்த எதுவும் அவருக்குள் இறங்கவில்லை என்று பொருள். உருகினால் எடை குறையாது, எரிந்தால் குறையும் என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும். சிறு டப்பாவில் மெழுகுத் துண்டைப் போட்டு எடைபோட்டு, வெந்நீரில் நிறுத்தி உருக்கி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து மறுபடி எடைபோடுங்கள்: எடை மாறாது. எரியும் மெழுகுவர்த்தி மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 8 கிராம் வரை இழக்கும். ஆகவே இரண்டு நிமிடம் எரித்துவிட்டு, ஒரு கிராமுக்குக் குறைவாகக் காட்டாத தராசில் வேறுபாட்டைத் தேடினால் கிடைக்காது. 0.1 கிராம் காட்டும் மின்னணுத் தராசில் பத்து நிமிடம் எரித்தால் ஒரு கிராம் அளவில் இழப்பு தெளிவாகத் தெரியும். எரியும்போதே தராசில் வைத்தால் மேலெழும் சூடான காற்று எண்ணைத் தடுமாறச் செய்யும். அணைத்து, வெண்புகை நின்றபின் எடைபோடுங்கள். தட்டில் ஒழுகிய மெழுகு உருகியதே அன்றி எரிந்ததன்று. தட்டோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

காணாமல்போன அந்த ஒரு கிராம் எங்கே என்று கேட்பவர்களுக்கு, அது காற்றிலிருந்து ஏறத்தாழ 3.5 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 3.1 கிராம் கார்பன் டைஆக்சைடாகவும் 1.3 கிராம் நீராகவும் வெளியேறியது என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில், கார்பன் டைஆக்சைடையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சோடா சுண்ணாம்பு இருந்தால், சிம்னியின் மேல்பாதியில் கம்பிவலைமீது அதைத் தளர்வாக நிரப்பி, மெழுகுவர்த்தி, சிம்னி, வலை எல்லாவற்றையும் எரிப்பதற்கு முன்னும், எரித்து ஆறியபின்னும் மொத்தமாக எடைபோடலாம். எடை கூடியிருக்கும். கூடாவிட்டால், நெருக்கித் திணித்ததால் காற்றோட்டம் நின்று சுடர் அணைந்ததா என்று பாருங்கள். அல்லது திறந்து கிடந்த சோடா சுண்ணாம்பு முன்பே ஈரமும் கார்பன் டைஆக்சைடும் குடித்து நிறைந்திருக்கும். சோடா சுண்ணாம்பு தோலை அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் இன்றி அதைத் தொடக் கூடாது. ஆய்வகம் இல்லாத பள்ளிகள் டப்பாவோடும் தராசோடும் நிறுத்திக்கொள்வதே சரி.